திராட்சை ரசமும் பாக்கெட் சாராயமும்

டிசம்பர் பிறந்ததும் தமிழில் ஒரு வகைப் பயணக்கட்டுரை தவறாமல் வந்துவிடுகிறது. நண்பர்கள் நால்வர், ஒரு வார இறுதி, நியூரம்பெர்க்கிலோ ஸ்ட்ராஸ்பூரிலோ ஒரு கிறிஸ்துமஸ் சந்தை, கிராம்பும் இலவங்கப்பட்டையும் போட்டுச் சூடாக்கிய சிவப்பு ஒயின், மறுநாள் ஒரு திராட்சைத் தோட்டமும் அதன் நிலவறையும். ஏ.கே.செட்டியார் தொடங்கி ஊர்சுற்றி எழுதுவதற்குத் தமிழில் நல்ல மரபு உண்டு. இக்கட்டுரைகளில் சில அம்மரபுக்கு உரியவையே. அவற்றை நாங்கள் விரும்பியே வாசிக்கிறோம். டிரெஸ்டன் நகரத்துச் சந்தை 1434-இல் தொடங்கியது என்பது போன்ற தகவல்களையும் அவற்றிலிருந்தே தெரிந்துகொண்டோம்.

எங்கள் வழக்கு வேறு. மண்ணின் குணம், அறுவடை ஆண்டு, ஓக் பீப்பாயின் வாசம் என்று குடியைப் பற்றி இத்தனை நுட்பமாகப் பேசத் தெரிந்த நம் எழுத்துலகம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியைப் பற்றிப் பேசியபோது அத்தனை நுட்பத்தையும் எங்கே வைத்துவிட்டு வந்தது?

நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள், பெண்களும் இருந்தார்கள். பாக்கெட்டில் விற்ற சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். பிழைத்தவரிலும் பார்வை இழந்தோர் உண்டு. அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்ததும் இலக்கிய அன்பர்கள் பலரும் சேர்ந்தே கேட்ட கேள்வி: “குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்?” செத்தவன் எதைக் குடித்தான், அதில் எதை யார் கலந்தார்கள் என்ற கேள்விகள் அந்த இரைச்சலில் அமுங்கிப்போயின.

இதே மெத்தனால் ஒயினிலும் கலந்திருக்கிறது. 1986 மார்ச்சில் இத்தாலியின் பியெமோந்தே பகுதியிலிருந்து வந்த மலிவு ஒயினில், போதையின் அளவைச் செலவில்லாமல் கூட்டுவதற்காக அதைக் கலந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், சிலர் கண்ணிழந்தனர். அந்நாட்டு ஒயினின் ஏற்றுமதி சரிந்தது, கலப்படக்காரர்கள் வழக்கைச் சந்தித்தார்கள், கண்காணிப்பு இறுகியது. ஆயினும் ஒயின் என்ற பண்பாட்டின் மீது அந்தப் பழி ஒட்டவில்லை. 2014-இல் அதே பியெமோந்தேயின் திராட்சைத் தோட்டங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே கலப்படம் குற்றமாக இருந்தது. இங்கே குடித்தவனும், அவன் தெருவும், அவன் தெருவுக்கு மேற்கே தெரியும் மலையும் சேர்ந்து குற்றமாயின.

அந்த மலைதான் கல்வராயன். மார்கழிக் குளிரில் அங்கே போய்வருபவர்களும் எழுதுகிறார்கள். மேகம் அருவி, பெரியார் அருவி, வெள்ளிமலை, கரியாலூர், கூடவே கொஞ்சம் மூடுபனி. மலையாளிப் பழங்குடியினர் அக்கட்டுரைகளில் ‘வெள்ளந்தி மக்க’ளாக ஒரு வரியில் வந்து போவார்கள். அம்மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்ததை, நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அங்கே ஜாகீர் ஆட்சியின் மிச்சம் நீடித்ததை எழுதியவர்கள் மிகச் சிலர். சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அம்மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தபோதுதான் நம்மில் பலருக்கு அச்செய்தியே எட்டியது. வெல்லமும் பட்டையும் கடுக்காயும் போட்ட ஊறல் அம்மலையில் உண்டென்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மெத்தனால் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. அது சமவெளியின் ரசாயன வணிகத்துச் சரக்கு. பானைகள் மலையில் உடைந்தன. வசை மலைக்கு ஏறியது. சரக்கு புறப்பட்ட இடத்தைப் பற்றி ஒரு நல்ல கட்டுரையை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

குடியில் மேல் கீழ் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. புறநானூற்றில் பாண்டியன் நன்மாறன் அருந்துவது யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மது. அதன் சாடிகளின் உடைசல்கள் இங்கிருந்து கிழக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. ஆனால் அதே தொகையில், அதியமானை இழந்த ஔவை நினைத்து நினைத்து அழுவது அவன் தன்னோடு பகிர்ந்துகொண்ட கள்ளை. அந்தக் காலத்தின் கவிதையில் இரண்டுக்கும் மதிப்பு இருந்தது. நம் காலத்தில் கள்ளுக்கு 1987 முதல் தடை. 2003 முதல் அரசே சில்லறையாக மது விற்கிறது. கள் இறக்குபவன் குற்றவாளி, டாஸ்மாக் வாடிக்கையாளன் வருவாய், ஒயின் சுவைப்பவன் ரசிகன், பாக்கெட் வாங்கியவன் பிணம். குவார்ட்டருக்குக் காசில்லாத ஒரே காரணத்தால்தான் அவன் அந்தக் கடைசிப் படியில் நிற்கிறான்.

குடியை நியாயப்படுத்துகிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. குடி கெடுத்த குடும்பங்களை நாங்களும் அறிவோம். மதுவிலக்கை உண்மையாகவே நம்புகிறவர் அதை ஸ்ட்ராஸ்பூரிலும் நம்பட்டும். அவரோடு எங்களுக்குப் பூசல் இல்லை. நிலவறையில் நின்று கோப்பையைச் சுழற்றி முகர்ந்துவிட்டு, ஊர் திரும்பியதும் கருணாபுரத்துக்கு ஒழுக்கம் போதிக்கிறவரோடுதான் பூசல். ஒரு சாவு அனுதாபத்துக்குத் தகுமா என்பதைச் செத்தவன் குடித்த திரவத்தின் விலை தீர்மானிக்குமென்றால், நாம் இத்தனை காலம் வாசித்த இலக்கியம் நமக்குள் எதையுமே செய்யவில்லை என்றுதான் பொருள்.

வரும் டிசம்பரிலும் கிறிஸ்துமஸ் சந்தைகள் பற்றி எழுதுங்கள், வாசிக்கிறோம். அதே கவனத்தோடு, அதே பொறுமையோடு, அதே கையால் கள்ளக்குறிச்சியைப் பற்றியும் எழுதுங்கள். அதற்கு விசாவும் தேவையில்லை.