‘போர்டு போச்சு’ன்னு சொன்னாங்களா? கொஞ்சம் பொறுங்க!

இந்த வாரக் கேள்வி ஓசூர் சிப்காட் பக்கம் குடியிருக்கும் வாசகி ஒருவரிடமிருந்து.

“துணி காயவைக்கிற டிரையர் வாங்கி மூணு வருஷம் ஆகுது. வாரன்டி முடிஞ்சிடுச்சு. ஒரு மாசமா, ஆன் பண்ணி இருபது நிமிஷத்துல நின்னுடுது. டிஸ்ப்ளேல ஏதோ எரர் நம்பர் காட்டுது. பார்க்க வந்தவர் மெஷினைத் திறக்கக்கூட இல்ல. ‘போர்டு போச்சு மேடம், 11,000 ரூபாய் ஆகும்’னு சொல்லிட்டுப் போயிட்டார். மாத்தலாமா, இல்ல புதுசே வாங்கிடலாமா? நானும் கணவரும் ஷிப்ட் வேலைக்குப் போறோம். கைக்குழந்தை இருக்கு.”

ஓசூர்க்காரர்களுக்கு டிரையர் ஆடம்பரம் இல்லை என்பது அங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பக்கத்தில் இருக்கும் தளியை ‘குட்டி இங்கிலாந்து’ என்றே சொல்வார்கள். மனிதர்களுக்கு அருமையான குளிர். ஈரத் துணிக்குத்தான் ஆகாது. மொட்டை மாடிக்கு வழியில்லாத அபார்ட்மென்ட்டில், நைட் ஷிப்ட் முடிந்து வந்து துவைக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

சகோதரி, 11,000 ரூபாயை இப்போதைக்கு எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. டிஸ்ப்ளே எரர் நம்பர் காட்டுகிறது என்றால், பெரும்பாலும் போர்டின் மூளை வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது எதையோ கவனித்து, ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்று சொல்கிறது. தகவல் கொண்டுவந்தவரையே குற்றவாளி ஆக்குவதுதான் இந்த ‘போர்டு போச்சு’ வைத்தியம்.

டிரையருக்குள் நடப்பது பெரிய ரகசியம் இல்லை. டிரம் சுற்றுகிறது, காற்று சூடாகிறது, அந்தக் காற்று துணியின் ஈரத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இதையெல்லாம் போர்டு நேரில் பார்ப்பதில்லை. கதவு சுவிட்ச், வெப்ப சென்சார், ஈர சென்சார் ஆகியவை சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது. சென்சார் தவறாகச் சொன்னால் போர்டும் தவறாகத்தான் நடந்துகொள்ளும்.

அதனால் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: மெஷின் எந்த நேரத்தில் நிற்கிறது?

ஆன் செய்த உடனேயே அடம் பிடித்தால், கதவு சுவிட்ச், சைல்டு லாக், தாமதமாகத் தொடங்கும் டிலே ஸ்டார்ட் இந்த மூன்றையும் பாருங்கள். குழந்தை இருக்கும் வீடுகளில் சைல்டு லாக்கை யார் அழுத்தினார்கள் என்று விசாரிக்கவே வேண்டாம்! கதவை மூடும்போது ‘டிக்’ என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். இவை சரியாக இருந்தும் அதே எரர் வந்தால், வெப்ப சென்சாரின் வயர் விட்டிருக்கலாம்.

கடைசியில், அதாவது துணி ஈரமாக இருக்கும்போதே ‘முடிந்தது’ என்று நின்றால், ஈர சென்சாரைச் சந்தேகப்படுங்கள். டிரம்மின் வாய்ப்பக்கம் இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத்துணி அவற்றின்மேல் படும்போது மிகச் சிறிய மின்சாரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். துணி காயக் காய அது குறையும். ஃபேப்ரிக் கண்டிஷனரின் பிசுக்கும் போர் தண்ணீரின் உப்பும் பட்டையில் படிந்துவிட்டால் மின்சாரம் போகாது. ஈரத்துணியையே ‘காய்ந்துவிட்டது’ என்று மெஷின் நம்பிவிடும். மெல்லிய துணியில் கொஞ்சம் வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்தால் போதும். ஸ்டீல் நார் வேண்டவே வேண்டாம். இரண்டே இரண்டு துணி போட்டாலும் இப்படி நிற்கும். பட்டையில் துணி படாவிட்டால் மெஷினுக்கு ஈரம் எப்படித் தெரியும்?

உங்கள் மெஷின் நிற்பது இருபதாவது நிமிடத்தில். ஓடிச் சூடான பிறகு நிற்கிறது என்றால் காற்றோட்டம்தான் என் முதல் சந்தேகம். லின்ட் எனப்படும் பஞ்சுத்தூசி அடைத்துக்கொண்டால் சூடான காற்று வெளியேற வழி இருக்காது. உள்ளே வெப்பம் ஏறும், சென்சார் எச்சரிக்கும், போர்டு நிறுத்திவிடும். அப்படி நிறுத்துவது பழுது இல்லை, பாதுகாப்பு.

கதவுப்பக்க ஃபில்டரை எல்லோரும் தட்டுகிறோம். ஆனால் கண்டென்சர் வகை டிரையர்களில் கீழே இன்னொரு கதவு இருப்பது பலருக்குத் தெரியாது. பழைய வகைகளில் கண்டென்சரை வெளியே இழுத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம். ஹீட் பம்ப் வகையில் அது உள்ளேயே நிலையாக இருக்கும். மேனுவல் சொல்வதுபோல மென்மையான பிரஷ்ஷால் மட்டும் தூசி எடுக்க வேண்டும். ஃபில்டர் வலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் கண்டிஷனர் பிசுக்கு அடைத்திருக்கிறது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். தண்ணீர் சேரும் டேங்க் நிரம்பினாலும் சில மாடல்கள் பாதியில் நின்று எரர் காட்டும்.

(இதை எழுதும் முன்பே வாசகியிடம் பேசி, கீழ்க்கதவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கண்டென்சரில் கம்பளி மாதிரி தூசி. கழுவிக் காயவைத்துப் போட்டபின் இதுவரை பத்து நாள் நிற்காமல் ஓடுகிறதாம்.)

எல்லோருக்கும் கதை இவ்வளவு எளிதாக முடியாது. கரன்ட்டையும் பார்க்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டரின் சூடு அதே விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் 1,225 வாட்தான் தரும். மாலையில் மட்டும் துணி காய நேரம் எடுக்கிறது என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த நேரத்து வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டிரையரை மாட்டாதீர்கள். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் தேவை. கரன்ட் வந்து வந்து போன நாளில் போர்டு குழம்பி நின்றிருந்தால், பிளக்கை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து மாட்டிப் பாருங்கள். அதே இடத்தில் மறுபடி நின்றால் அது குழப்பம் இல்லை, நிஜமான பழுது.

ஓசூர் வீடுகளில் ஒருவராவது பிளான்ட் மெயின்டனன்ஸில் இருப்பார். மல்டிமீட்டர் பழகிய கை என்றால், பிளக்கை எடுத்துவிட்டு வெப்ப சென்சாரைச் சோதிக்கலாம். பெரும்பாலான டிரையர்களில் இருப்பது, சூடு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. கழற்றி உள்ளங்கையில் பிடித்தால் மீட்டரில் எண் மெதுவாக இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் சென்சார் போய்விட்டது. அது போர்டைவிட மிக மலிவான பாகம். இன்வெர்ட்டர் மாடல்களில் மட்டும் போர்டின் பக்கம் போகாதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

போர்டு நிஜமாகவே கெடுவதும் உண்டு. யூட்டிலிட்டி பால்கனியில் சாரல் அடிக்கும். சூட்டுக்கு ஆசைப்பட்டுப் பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆகும். ஹீட்டரை ஆன் செய்யும் ரிலே கருகும். அப்போதும் முழுப் போர்டையும் மாற்றுவது ஒன்றே வழி இல்லை. ரிலே, கப்பாசிட்டர் மட்டும் மாற்றித் தரும் கடைகள் உண்டு; பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸுக்கே பேர்போனது. ஐபோன் பாகம் தயாராகும் வட்டாரத்தில் ஒரு ரிலே மாற்ற ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு நம்பிக்கை வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அளவுக்கு மீறிச் சூடானால் தானே அறுந்து ஹீட்டரை நிறுத்தும் தெர்மல் ஃப்யூஸ் உள்ளே இருக்கும். ‘ஃப்யூஸைத் தாண்டி நேரா வயர் கொடுத்துடறேன், இருநூறு ரூபாய் போதும்’ என்று யாராவது சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிரிட்டனில் பஞ்சுத்தூசி ஹீட்டரில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்ற காரணத்துக்காக, 2019-ல் வேர்ல்பூல் நிறுவனம் 5 லட்சம் வரையிலான டிரையர்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. அதற்கு முன், 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதி அடுக்குமாடி ஒன்றில் பிடித்த தீ, ஒரு டிரையரிலிருந்தே தொடங்கியது. ஆளில்லாத வீட்டில் டிரையரை ஓடவிட்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

அடுத்த முறை சர்வீஸுக்கு போன் செய்யும்போது ‘மெஷின் ஓடலை’ என்று மட்டும் சொல்லாமல், மாடல் எண், எரர் நம்பர், எத்தனையாவது நிமிடத்தில் நிற்கிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள். யூடியூபில் வேறு பிராண்டின் எரர் பட்டியலைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பிராண்டுக்குப் பிராண்டு அர்த்தம் மாறும். போர்டு மாற்றியே ஆக வேண்டும் என்றால், எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். பில்லையும் பழைய போர்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.