ரேடார் பார்த்தால் மட்டும் போதுமா?

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது எஸ்-400 என்ற பெயர் மதுரை செல்லூர் டீக்கடை வரை வந்து சேர்ந்தது. ஆனால் ஏவுகணையை எப்போது, எதன் மீது ஏவுவது என்று முடிவெடுக்க உதவும் அமைப்பைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. அதுதான் ஐஏசிசிஎஸ், அதாவது இந்திய விமானப்படையின் ஒருங்கிணைந்த வான் கட்டளை, கட்டுப்பாட்டு அமைப்பு.

தரை ரேடார்களும், நேத்ரா போன்ற கண்காணிப்பு விமானங்களும் தனித்தனியாகப் பார்ப்பதை ஒரே திரையில் சேர்த்துக் காட்டுவதுதான் இதன் வேலை. உருவாக்கியது பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம். இதற்கு முதுகெலும்பு, 2010 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஏஎஃப்நெட் என்ற விமானப்படையின் தகவல் வலைப்பின்னல். தரைப்படையின் ஆகாஷ்தீர் அமைப்பும் இதனோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வேகம் அவசியமா? அவசியம்தான். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் இரண்டே நிமிடத்தில் 30 கிலோமீட்டரைக் கடந்துவிடும். கிட்டத்தட்ட செல்லூருக்கும் மேலூருக்கும் உள்ள தூரம்! போனில் கேட்டுக் கேட்டு முடிவெடுக்கும் காலம் போய்விட்டது.

ஆனால் நவீனமயம் என்றால் கருவி வாங்குவது மட்டும்தானா?

2019 பிப்ரவரி 27. பாலகோட் தாக்குதலுக்கு மறுநாள். ஸ்ரீநகர் தளத்துக்குத் திரும்பிக் கொண்டிருந்த விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை, நம்முடைய ஸ்பைடர் ஏவுகணையே பட்காம் அருகே வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும், தரையில் இருந்த பொதுமகன் ஒருவரும் இறந்தார்கள். அது பெரிய தவறு என்று அதே ஆண்டு அக்டோபரில் அன்றைய விமானப்படைத் தளபதி பதௌரியா வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மேற்கு எல்லையில் ஐஏசிசிஎஸ் அப்போதே செயல்பாட்டில் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்காவுக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. 1994 ஏப்ரல் 14ல் வடக்கு ஈராக்கில் இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் தங்கள் நாட்டின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களையே சுட்டு வீழ்த்தின. 26 பேர் பலி. அவாக்ஸ் கண்காணிப்பு விமானம் அந்த நேரத்தில் மேலேதான் பறந்து கொண்டிருந்தது. ஹெலிகாப்டர்களை இயக்கியவர்கள் ஒரு பக்கம், போர் விமானங்களை இயக்கியவர்கள் ஒரு பக்கம். நண்பனா எதிரியா என்று காட்டும் கருவிக்கான சரியான குறியீடுகூட ஹெலிகாப்டர்காரர்களிடம் போய்ச் சேரவில்லை.

செல்லூர் நெசவாளர்களுக்கு இது எளிதாகப் புரியும். பாவில் ஒரு இழை அறுந்தாலும் தறி ஓடிக்கொண்டுதான் இருக்கும், துணிதான் பாழாகும். இழையைக் கவனிக்க ஆள் வேண்டும்.

அதனால் புதிய ரேடாருக்குக் காட்டும் அக்கறையை மூன்று விஷயங்களிலும் காட்ட வேண்டும். ஒன்று, ஏவுகணைப் பிரிவு, ஹெலிகாப்டர் பிரிவு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்தே அடிக்கடி பயிற்சி எடுப்பது. இரண்டு, அடையாளக் கருவி விதிகளை எவ்வளவு பதற்றத்திலும் தளர்த்தாமல் இருப்பது. மூன்று, விசாரணையில் கிடைத்த பாடத்தைக் கோப்புக்குள் பூட்டி வைக்காமல் எல்லாத் தளங்களுக்கும் கற்றுக் கொடுப்பது.

எதிரியை முதலில் பார்ப்பது பெரிய பலம்தான். நம்மவரை நம்மவர் என்று அடையாளம் காண்பது அதைவிடப் பெரிய பலம். பட்காமில் போன ஏழு உயிர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.