கயிறு யார் கையில்?

திறந்த மென்பொருள்களைப் பயன்படுத்துவோரிடையே அண்மை ஆண்டுகளில் ஒரு விவாதம் மூண்டிருக்கிறது. மென்பொருளை ஆக்கியவரின் அரசியற் கருத்து, அதைப் பயன்படுத்துபவருக்குப் பொருட்டாகுமா, ஆகாதா என்பதே அது. 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ரெடிட் என்னும் அமெரிக்க நிறுவனம் தனது தளத்தை அணுகும் பிறருடைய செயலிகளுக்குப் பெருங்கட்டணம் விதித்தது. வெறுப்புற்ற பயனர் பலர் லெம்மி என்னும் திறந்த தளத்துக்குக் குடிபெயர்ந்தனர். லெம்மியை ஆக்கிய முதன்மை நிரலாளர் இருவரோ தம்மைப் பொதுவுடைமையர் என்று வெளிப்படையாகக் கூறிக்கொள்பவர்கள். அவர்கள் நடத்தும் வழங்கியில் சீன அரசைக் குறைகூறும் பதிவுகள் நீக்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. "கருவியை மட்டும் பாருங்கள், ஆக்கியவனைப் பாராதீர்கள்" என்றனர் ஒரு சாரார். "ஆக்கியவன் கொள்கை பிழையெனில் கருவியைத் தீண்டாதீர்கள்" என்றனர் மறு சாரார்.

கரவெட்டியில் இருந்துகொண்டு இதைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்து எவரும் படிக்கக் கொடுத்துவருகிறது. அந்தச் சேமிப்பும் தமிழ் விக்கிப்பீடியாவும் மீடியாவிக்கி என்னும் திறந்த மென்பொருளின் மீது நிற்கின்றன. நமது நினைவையே திறந்த தளங்களில் ஒப்படைத்திருக்கும்போது, அத்தளங்களை ஆள்வோர் யார் என்ற கேள்வி நமது கேள்வியாகிவிடுகிறது.

முதலாவது சாராரின் வாதம் நமக்குப் பழக்கமானதே. 'கலை கலைக்காகவே' என்று முன்னர் கேட்ட குரல், இன்று 'கருவி கருவியே' என்று பேசுகிறது. பேராசிரியர் கா. சிவத்தம்பி பிறந்த இந்த ஊரிலே, எழுத்துக்குச் சமூக வேர் உண்டென்பதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நிரலும் எழுத்துத்தான். லெம்மியின் தொடக்ககாலப் பதிப்புகளில் இழிசொற்களைத் தடுக்கும் பட்டியலொன்று மூலநிரலுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. நோக்கம் நல்லது. ஆயினும் எந்தச் சொல் இழிசொல் என்பதை, உலகின் எல்லா மொழியினருக்குமாக ஒரு சிலரே தீர்மானித்தனர். பயனர் முறையிட்ட பின்னரே, வழங்கியை நடத்துவோர் அதைத் தாமே தீர்மானிக்கும் வழி பிறந்தது. ஆக்கியவரின் மனத்திலிருந்த கருத்து கருவியின் விதியாகிப் பயனரின் வாயை அடைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அரசியலே இல்லை என்று சொல்லிக்கொள்பவரிடமிருந்தும் இதே ஆபத்து வரக்கூடும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம் மக்களுக்கெதிராக வன்முறை வெடித்தபோது, முகநூலில் இனவெறுப்புப் பதிவுகள் பெருகி ஓடின. சிங்களம் அறிந்த மேற்பார்வையாளர் அந்த நிறுவனத்திடம் போதிய அளவில் இருக்கவில்லை. 2020இல் அது மன்னிப்புக் கோரியது. சிறிய நாட்டு மக்களின் மொழிக்கு ஆள் வைப்பது வீண்செலவு என்று கணக்குப் பார்ப்பதும் ஓர் அரசியற் கருத்தே. அது கொடியேந்தி வருவதில்லை என்பதனால் நமது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் இரண்டாவது சாரார் சொல்வது சரியா? அதுவும் இல்லை. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். மிஷனரிமார் இங்கு பரப்பிய அச்சுக்கலையைக் கையிலெடுத்து, 1849இல் வண்ணார்பண்ணையில் தமது அச்சுக்கூடத்தை நிறுவி, அதே மிஷனரிமாருக்கு எதிராக நூல்களை அச்சிட்டார். அச்சு எழுத்தின் மதம் யாதென்று அவர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. நாவலரின் சாதிக் கருத்துகளை நாம் முற்றாக மறுக்கிறோம். ஆயினும் அவர் உரம்பெறச் செய்த வசனநடையிலேயே அந்த மறுப்பையும் எழுதுகிறோம். ஆக்கியவனின் கொள்கையை விசாரித்தபின்தான் கருவியைத் தொடுவேன் என்பது, ஆளைக் கேட்டபின்தான் தண்ணீர் குடிப்பேன் என்ற பழைய தீட்டுக் கணக்கின் புதுவடிவமே. அந்தக் கணக்கினால் எத்தனை தலைமுறைகள் வதைபட்டன என்பதை வடமராட்சி அறியும்.

திறந்த மென்பொருளின் உரிமமும் கொள்கை பார்ப்பதில்லை. மாஸ்டடன் என்னும் திறந்த தளத்தின் நிரலை 2019இல் தீவிர வலதுசாரிகளின் காப் தளம் எடுத்துக்கொண்டது. அதைத் தடுக்க மாஸ்டடனை ஆக்கியவருக்கு உரிமை இருக்கவில்லை. ஆனால் மற்றைய வழங்கிகள் பல அதனோடு தொடர்பை அறுத்துக்கொண்டன. 2021இல் டிரம்ப்பின் ட்ரூத் சோசியல் அதே நிரலை எடுத்து மூலத்தை மறைக்க முற்பட்டபோது, உரிமம் குறுக்கே நின்றது. சில வாரங்களில் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. மக்களைக் காத்தது ஆக்கியவரின் நல்ல உள்ளம் அன்று. எவராலும் மீறமுடியாத பொதுவிதியே.

நமது கிணறுகளை நினைத்துப் பார்ப்போம். கிணறு வெட்டிய கைகளுக்கே கயிற்றைத் தொட உரிமை இல்லாதிருந்த காலம் வெகுதொலைவில் இல்லை. அன்று கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்றவருக்குத் தேவைப்பட்டது வார்ப்பவரின் நல்லெண்ணமா, தாமே அள்ளும் உரிமையா? மென்பொருளிலும் இதுவே கேள்வி. விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம்? வழங்கியின் திறவுகோல் யாரிடம்? செலவை ஏற்பவர் யார்? நமக்கு ஒவ்வாதபோது, நமது எழுத்துகளோடு வெளியேறி வேறொரு வழங்கி அமைக்க முடியுமா? இவற்றுக்கு விடை உண்டெனில், ஆக்கியவர் எவராயினும் நாம் அஞ்சவேண்டியதில்லை. விடை இல்லையெனில், அவர் நமது கொள்கையினரே ஆயினும் நம்பியிருக்கலாகாது. லெம்மியின் ஆசிரியர்கள் இடதுசாரிகள் என்பதற்காக அவர்களுக்கு நாம் சலுகை காட்டப்போவதில்லை. கேள்வி கேட்கும் வாயை அடைக்கும் கை, எந்தக் கொடியைப் பிடித்தாலும் ஒன்றே.

ஆனால் 'திறந்தது' என்று எழுதிவைத்தால் மட்டும் கதவு திறந்துவிடாது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மக்கள் போராடவேண்டியிருந்தது. நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்கிறது உரிமம். நம்மிடையே படிக்கத் தெரிந்தோர் எத்தனை பேர்? படிக்கத் தெரியாதவனுக்கு, திறந்த நிரலும் பூட்டிய கதவும் ஒன்றே.

இங்கேதான் ஆசிரியர்களின் கடமை தொடங்குகிறது. பள்ளிக் கதவுகள் மூடப்பட்டிருந்த மக்களுக்காகச் சூரன் தேவரையாளியில் பாடசாலை எழுப்பினார். அவர் எவருடைய மனமாற்றத்துக்காகவும் காத்திருக்கவில்லை. நமது கணினி வகுப்புகளில் மாணவர்க்குப் பொத்தான் அழுத்தக் கற்பித்தது போதும். மூலநிரலைத் திறந்து வாசிக்கவும், ஒரு சிறிய வழங்கியைத் தாமே நடத்தவும், அதன் விதிகளைக் கூடியிருந்து வகுக்கவும் கற்பிப்போம். பிறர் வார்க்கும் தண்ணீருக்குக் கை குவித்து நின்ற காலம் போதும். கயிற்றை நமது பிள்ளைகள் கையில் கொடுப்போம்.