விநாடியும் கிராமும்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பார்கள் பெரியோர். அளவு குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்ற பள்ளி நாள் விழாவில் நாங்கள் கற்றுக்கொண்டோம். அளவு குறைந்தால் காப்பி மட்டும் கெடுவதில்லை. மனிதர்மீது உள்ள நம்பிக்கையும் கெடுகிறது. ஆகவே, "டைமர் வைத்த இயந்திரம் சரியாகவே அளக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவது தவறு என்பதே பத்தாம் வகுப்பினராகிய எங்கள் கருத்து.

விடுதி மாணவியருக்குச் சீருடை வாங்க நிதி திரட்டும்பொருட்டு, அன்று நாங்கள் ஒரு காப்பிக் கடை நடத்தினோம். சேதராப்பட்டிலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தியின் மாமா தம் கடையிலிருந்த காப்பி அரவை இயந்திரத்தை ஒருநாள் இரவலாகத் தந்தார். மேலே கூம்பு போன்ற கலத்தில் வறுத்த விதையைக் கொட்ட வேண்டும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இருபது விநாடி ஓடித் தானே நின்றுவிடும். ஒரு பெரிய பில்டருக்கு வேண்டிய 60 கிராம் பொடி விழும். எங்களுக்கு ஒரே வியப்பு! தராசு எதற்கு, கரண்டி எதற்கு என்று பெருமை பேசினோம்.

காலையில் காப்பியைக் குடித்த பெற்றோர் எல்லாரும் பாராட்டினார்கள். பிற்பகலிலோ, "என்னம்மா, தண்ணீராக இருக்கிறதே!" என்றார்கள். பொடியை இன்னும் நைசாக அரைத்தால் டிகாக்ஷன் திடமாக இறங்கும் என்றெண்ணி, இயந்திரத்தின் குமிழை நாங்கள் சற்றே திருகினோம். காப்பியோ மேலும் நீர்த்துப் போயிற்று.

அப்போதுதான் எங்கள் பார்வை, உதவிக்கு வந்திருந்த சமையற்கட்டு அக்காவின்மேல் விழுந்தது. "டைமர் பொய் சொல்லாது, அப்படியானால் பொடி எங்கே போகிறது?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் அவளைத் தடுக்கவில்லை. சிலர் அக்காவின் பையைக்கூட நோக்கினோம். "நான் பொத்தானை அழுத்தினதோடு சரி, பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் முகம் திருப்பிக்கொண்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அறிவியல் சிஸ்டர், ஒன்றும் பேசாமல் ஆய்வுக்கூடத்திலிருந்து மின்னணுத் தராசைக் கொண்டுவந்து வைத்தார். இருபது விநாடி ஓட்டி நிறுத்தோம். 47 கிராம்! குமிழைப் பழைய இடத்திற்கே திருப்பினோம், 53 கிராம். கூம்பில் விதையை நிரப்பினோம், 60 கிராம்! அக்காவின் கை அதில் படவேயில்லை.

காரணம் மிக எளியது. கூம்பு நிறைந்திருக்கையில், மேலுள்ள விதைகளின் பாரம் கீழுள்ளவற்றை அரவைப் பற்களுக்குள் தள்ளுகிறது. கூம்பு காலியாகும்போது தள்ளுவதற்குப் பாரம் இல்லை. விதைகள் பொரியைப்போல் துள்ளிக் குதித்து மெதுவாகவே உள்ளே இறங்குகின்றன. நைசாக அரைக்கும்போதும் பற்களின் இடைவெளி குறுகுவதால், அதே நேரத்தில் குறைந்த பொடியே வெளிவருகிறது. திடமாக்குவதாக எண்ணிக் காப்பியை மேலும் நீர்க்கச் செய்தவர்கள் நாங்களே!

இது புதிய பாடமன்று. பழைய எகிப்தியர், பாத்திரத்தின் துளைவழியே நீரை வடியவிட்டு நேரம் கணித்தார்கள். நீர்மட்டம் தாழத் தாழ ஓட்டமும் தளரும் என்பதைக் கண்டு, பாத்திரத்தின் பக்கங்களைச் சரிவாக அமைத்தார்கள். வீடுதோறும் கடிகாரம் இல்லாத காலத்தில் ஐரோப்பியச் சமையற்காரர்கள், ஒரு செபம் சொல்லும் நேரம் வேகவிடு என்று குறிப்பு எழுதினார்கள். மெல்லச் செபிப்பவர் வீட்டுக் குழம்பும் விரைந்து செபிப்பவர் வீட்டுக் குழம்பும் ஒன்றாகவா இருந்திருக்கும்?

"எங்கள் கைப்பக்குவத்திற்கு டைமரும் வேண்டாம், தராசும் வேண்டாம்" என்று தாய்மார் சிலர் கூறலாம். அவர்களை வணங்குகிறோம். ஆயினும் கரண்டியும் ஏமாற்றும். காப்பி விதை வறுபடும்போது எடையில் ஏறக்குறைய 15 விழுக்காட்டை இழந்து, உருவில் பெருக்கிறது. ஆகவே நன்றாகக் கறுக வறுத்த விதையை ஒரு கரண்டி எடுத்தால், இளவறுப்பு விதையைவிட எடை குறைவாகவே இருக்கும். அம்மாவின் கை வெற்றி பெறுவதற்குக் காரணம், அவர் நாள்தோறும் டிகாக்ஷனின் நிறத்தைக் கண்டு, மணம் முகர்ந்து, ருசி பார்த்துத் தம் அளவைத் திருத்திக்கொள்வதேயாகும். அந்தத் திருத்தம்தான் டைமருக்குத் தெரியாது.

டைமரைத் தூக்கி எறியச் சொல்கிறோமா? இல்லவே இல்லை. கூட்டம் நெருக்கும்போது ஒவ்வொரு முறையும் நிறுத்துக்கொண்டிருக்க இயலாது. கூம்பைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல், குமிழைத் தொடாமல், விதை மாறும்போதும் இடையிடையேயும் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் டைமர் நல்ல ஊழியன். நிறுத்துப் பார்க்காமல் அதன் சொல்லைக் கொண்டு பிறரைத் தீர்ப்பிட்டால் அது கெட்ட நீதிபதி.

இதை நாம் காப்பிக்கு மட்டுமா கொள்ள வேண்டும்? சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெற்றோரை உடைய தோழியர் எம்மிடையே உண்டு. எட்டு மணி நேரம் எல்லார்க்கும் எட்டு மணி நேரமே. ஆனால் மூலப்பொருள் வராத நாளில், மின்சாரம் நின்ற நாளில், எண்ணிக்கை குறைந்ததற்கு உழைத்தவரைக் குறைகூறலாமா? வீட்டில் தம்பி தங்கையைக் கவனித்து, தண்ணீர் சுமந்து, இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பவளின் ஒரு மணி நேரமும், மாலை ஐந்து மணிக்கே மேசைமுன் அமர்பவளின் ஒரு மணி நேரமும் ஒரே எடையா? கூம்பில் என்ன இருந்தது என்று பார்க்காமல், கீழே விழுந்தது குறைவு என்று ஏசுவது எளிது.

கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் ஆகமம் போதிக்கிறது. அன்று எங்கள் கடையில் கள்ளத் தராசு இல்லை. தராசே இல்லாமல் எங்கள் நெஞ்சுக்குள் ஒரு தீர்ப்பு இருந்தது. அதுவும் அதற்குக் குறைந்த பாவமன்று.

அன்று மாலையே நாங்கள் அனைவரும் அக்காவிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தபடி, "முதலில் காப்பியைக் குடியுங்கள்" என்று ஆளுக்கொரு தம்ளர் தந்தார். அது திடமாக இருந்தது. ஆனால் எங்களுக்குத்தான் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அன்புத் தோழியரே, பொடியை அளக்குமுன் தராசை வைப்போம். பிறரை அளக்குமுன் நம்மை அளப்போம்!