தாங்கியுள் இறங்குவார் யார்?

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் ஆழத்தையும் அமைப்பையும் வியந்து பேசுவர். குன்றுகள் சூழ்ந்து நின்று புயலைத் தடுப்பதும், பெருங்கலங்கள் அச்சமின்றி நங்கூரமிடுவதும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் ஆகியோர் ஒருவர் பின் ஒருவராக இதன்மேற் கண்வைத்ததும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகளே. அண்மைக் காலத்தில் இவ்வியப்புச் சீனன்குடாவிலுள்ள எண்ணெய்த் தாங்கிகளின் மேற் சென்றிருக்கிறது.

பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் எழுப்பப்பட்டவை இத்தாங்கிகள். 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கிய காலத்தையும் கண்டவை. அவற்றுள் இன்று கணக்கிலுள்ளவை 99. 2022 சனவரியில் செய்யப்பட்ட உடன்பாட்டின்படி 14 தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், எஞ்சிய 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திற்கும் ஒதுக்கப்பட்டன. 2025 ஏப்பிரிலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் திருகோணமலையை எரிபொருள் மையமாக வளர்ப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன.

தாங்கி யாருக்கு உரியது, எத்தனை ஆண்டுகளுக்கு உரியது, அதனால் நாட்டின் இறைமைக்குக் குறைவு உண்டா என்னும் வினாக்கள் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பெரிதும் ஆராயப்பட்டன. அவை ஆராயத்தக்கனவே. ஆயினும் நெடுங்காலம் பயன்படாது காட்டிடையே கிடந்த தாங்கிகளை மீட்டுப் பயன்படுத்துவதாயின், யாரோ ஒருவன் அதன் சிறு வாயில் வழியே உள்ளே புகுதல் வேண்டும். கசடு அள்ளுதல் வேண்டும். துருச் சுரண்டுதல் வேண்டும். தகடுகளை உருக்கி ஒட்டுதல் வேண்டும். அவன் யார்? அவன் உயிருக்குக் காவல் யாது? இவ்வினா போதிய அளவு எழவில்லை.

பழந்தாங்கியின் உட்புறம் வெறுமையாகத் தோன்றும். உண்மையில் அது வெறுமையன்று. அடியிற் படிந்த கசட்டைக் கிளறும்போது எண்ணெய் ஆவி எழும். அவ்வாவி காற்றினுங் கனமானதாகலின் மேலே செல்லாது அடியிலே தங்கும். ஒரு தீப்பொறி போதும். துருவும் தீங்கு செய்வதே. இரும்பு துருப்பிடித்தலாவது காற்றிலுள்ள ஒட்சிசனை இரும்பு கவர்ந்து கொள்ளுதலாம். மூடிய இரும்பறையில் இச்செயல் நெடுங்காலம் நடைபெறின், 100 பங்கு காற்றில் ஏறக்குறைய 21 பங்கு இருக்க வேண்டிய ஒட்சிசன் குறைந்துபோகும். 19.5 பங்கிற்குக் குறைந்த இடத்தை ஆபத்தான இடமெனக் கொள்வது அமெரிக்க நாட்டு விதி. மிகவுங் குறைந்துவிடின் ஓரிரு மூச்சிலேயே மனிதன் நினைவிழந்து வீழ்வான். அக்குறைவுக்கு நிறமில்லை, மணமில்லை. கசட்டிலிருந்து எழக்கூடிய ஐதரசன் சல்பைட்டு வாயுவுக்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு. எனினும் செறிவு மிகும்போது அது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நீங்கிற்றென்று ஆறுதல் கொள்பவனே பேராபத்தில் நிற்பவன். தானியமும் நிலக்கரியும் மரக்குற்றியும் ஏற்றிவந்த கப்பல்களின் அடியறைகளும் இத்தன்மையனவே. அவற்றிலும் ஒட்சிசன் குறைதல் உண்டு.

இத்தகைய இடங்களிற் சாவு தனியே வருவதில்லை. 2018 ஏப்பிரிலில் ஹொரணைப் பகுதியில் இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் தொட்டியுள் வீழ்ந்த தொழிலாளி ஒருவரை மீட்கச் சென்றவர்களும் மாண்டனர், இறந்தோர் ஐவர். மூடிய இடங்களில் இறப்போருள் 100க்கு 60 பேருக்கு மேற்பட்டவர்கள் பிறரை மீட்கப் புகுந்தவர்களே என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தது. தோழன் வீழக் கண்டு பாய்கின்ற அந்த அன்பே அவனையும் பலிகொள்கிறது. அன்பிற்கும் பயிற்சி வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இதில் தொழிற்சங்கத்தின் கடமை யாதென நோக்குவோம். நம் நாட்டில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934இலும், தொழிற்சங்கக் கட்டளைச்சட்டம் 1935இலும், தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942இலும் பிறந்தன. இறந்தவனின் குடும்பத்திற்குப் பணம் தருவது பற்றிய சட்டம் முதலில் வந்தது. இறவாமற் காப்பது பற்றிய சட்டம் எட்டாண்டுகள் பிந்தி வந்தது. இவ்வரிசை தற்செயலாக அமைந்ததாயினும், நம் மனப்போக்கு இன்றும் அவ்வரிசையிலேயே நிற்கிறது. 2022இல் நட்டஈட்டின் மேல் எல்லை இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. இது நன்றே. ஆயினும், சங்கம் ஒன்று பிணத்தின் பின் சென்று பணம் பெற்றுத் தருவதோடு அமையுமாயின் அது தன் பணியிற் பாதியையே செய்ததாகும். இறங்கு முன்னரே, "இறங்கலாமா?" என்று கேட்பதே மற்றைப் பாதி, அதுவே அரிய பாதி.

அவ்வரிய பணிக்குத் துறைமுகத் தொழிலாளரின் வரலாற்றிலேயே சான்று உண்டு. கொழும்பிலே சுமை தூக்குவோரை நாட்டாமை என்று வழங்குவர். ஊரை ஆளுந் தலைமையைக் குறித்த சொல், ஊரின் சுமையைத் தாங்குவோனைக் குறிக்க வந்தது சொற்பொருள் மாற்றத்தின் விந்தைகளுள் ஒன்று. இந்நாட்டாமைக்கும் பாரந்தூக்கி இயக்குவோனுக்கும் முதலில் தெரிய வேண்டுவது, தூக்கும் பொருளின் நிறை எவ்வளவு என்பதே. 1929இற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, கப்பலில் ஏற்றப்படும் 1,000 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறையுள்ள பொதிகளின்மேல் அந்நிறையை எழுதுதல் வேண்டுமென ஓர் உடன்படிக்கை செய்தது. பின்னர்ப் பொதிகள் பெருங்கொள்கலன்களுள் மறைந்தன, நிறையும் மறைந்தது. 2007இல் இங்கிலாந்துக் கரையில் தரைதட்டிய 'எம்.எஸ்.சி. நப்போலி' என்னுங் கப்பலின் மேற்தளக் கொள்கலன்களை நிறுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றின் உண்மை நிறை, அறிவிக்கப்பட்ட நிறையினின்றும் மூன்று தொன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. 1896இல் இலண்டனிற் தோன்றிய சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் நிறையை மெய்ப்பிக்க வேண்டுமென வற்புறுத்தியது. கப்பல் நிறுவனங்களின் அமைப்புகளும் இதில் உடன் நின்றன. 2016 யூலை முதலாம் நாள் தொடங்கி, நிறுத்து உறுதிசெய்யப்படாத கொள்கலன் கப்பலேறக் கூடாதென்பது உலக விதியாயிற்று. ஓர் எண்ணைப் பெட்டியின்மேல் எழுதுவிக்க, எழுதியது மெய்தானா என்று பார்ப்பிக்க, 87 ஆண்டுகள் சென்றன.

எச்சரிக்கை செய்வது மட்டும் போதுமா எனின், போதாது என்பதற்குப் போபால் சான்று. அந்நகரின் பூச்சிகொல்லித் தொழிற்சாலையில் மாசு பரவுவது குறித்து 1976இலேயே தொழிற்சங்கங்கள் முறையிட்டன. 1981இல் நச்சுவாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். அடுத்த ஆண்டிற் சங்கத்தினர் நகரெங்குஞ் சுவரொட்டிகள் ஒட்டி ஆபத்தை அறிவித்தனர். கேட்பாரில்லை. 1984 திசெம்பர் 2ஆம் நாள் இரவு நிகழ்ந்ததை உலகறியும். சங்கத்திற்குக் கண் இருந்தது; வாயும் இருந்தது; வேலையை நிறுத்தும் அதிகாரம் மட்டும் இருக்கவில்லை.

அவ்வதிகாரத்தைச் சட்டத்தால் வழங்கிய நாடுகளும் உண்டு. பிரித்தானியாவில் 1977ஆம் ஆண்டு விதிகள், சங்கத்தால் நியமிக்கப்படும் பாதுகாப்புச் சார்பாளர் வேலைத்தளத்தைப் பார்வையிடவும் விபத்தை ஆராயவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமை அளித்தன. உடனடியான பேராபத்து உண்டென்று தக்க காரணத்தோடு நம்பி விலகி நிற்கும் தொழிலாளியைத் தண்டித்தலாகாதென்பது 1981ஆம் ஆண்டின் 155ஆம் இலக்கச் சர்வதேச உடன்படிக்கையின் கருத்து. 2022 யூனில் அவ்வுடன்படிக்கை தொழிலாளரின் அடிப்படை உரிமைகளைப் பற்றிய உடன்படிக்கைகளின் வரிசையிற் சேர்க்கப்பட்டது.

"பாதுகாப்பைச் சாட்டாக வைத்துச் சங்கத்தார் வேலையைக் குழப்புவர்" என்று நிருவாகத்தார் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதென்று கூறேன். அதற்கு மருந்து அளவுகருவியே. தாங்கியின் வாயிலில் ஒட்சிசனையும் ஆவியையும் அளந்து, அளந்த எண்ணை எழுத்தில் எழுதி, அதன்கீழ் நிருவாகத்தானும் தொழிலாளர் சார்பாளனும் ஒப்பமிடுவாராயின், அங்கே குழப்பத்திற்கும் இடமில்லை, கண்மூடித்தனத்திற்கும் இடமில்லை.

நம் சங்கங்களுக்கு வலிமையில்லை என்பாரும் உளர். 2021இன் தொடக்கத்திற் கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையம் பற்றிய உடன்பாட்டைத் துறைமுகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. பெப்ரவரி முதலாம் நாள் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. உரிமை யாருக்கு என்ற வினாவிற்காக ஓர் அரசையே திருப்பக்கூடிய சங்கங்கள், இறங்குவது யார் என்ற வினாவிற்காகவும் அதே உறுதியோடு நிற்க வல்லனவன்றோ? தடையாவது யாதெனில், இறங்குபவன் பெரும்பாலும் அவற்றின் உறுப்பினன் அல்லன் என்பதே. கசடு அள்ளுதல் போன்ற வேலைகளை ஒப்பந்தகாரர் ஏற்று, நாட்கூலிக்கு ஆள் பிடித்துச் செய்விப்பதே பல துறைகளிலும் வழக்கமாகிவிட்டது. நாளை வேலை உண்டோ இல்லையோ என்றிருப்பவன், "அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்கத் துணிவானா? அவனுக்காகக் கேட்பதற்கே சங்கம் வேண்டும். ஒப்பந்தக் கூலியாளைத் தன்னுள் சேர்க்காத சங்கம், பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது கரையில் நின்று நீச்சல் கற்பித்தலை ஒக்கும்.

இம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே முற்றத்தில் வேலை செய்கின்றனர். நச்சுக்காற்று யாரிடமும் மொழி கேட்பதில்லை. ஆனால் அதிலிருந்து காக்கும் எச்சரிக்கைக்கு மொழி வேண்டும். ஈண்டே தமிழாசிரியர்களாகிய எமக்கும் ஒரு பணி உண்டு. தமிழ் அரசகரும மொழியாகி நெடுங்காலமாயிற்று. எனினும் நம் நாட்டின் பொதுப் பலகைகளில் தமிழ் எழுத்துப் பிழையோடும் பொருட் பிழையோடும் காட்சியளிப்பதை அறியாதார் இல்லை. பேருந்து நிலையத்திலே அப்பிழையைக் கண்டு நகைத்துச் செல்கிறோம். தாங்கியின் வாயிலில் அதே பிழை நேருமாயின் நகைக்க முடியுமா? எம் போன்ற பண்டிதர் எழுதினும் ஆபத்து உண்டு. "ஒட்சிசன் பற்றாக்குறை நிலவும் அடைபட்ட வெளி" என்று இலக்கணம் வழுவாது எழுதி வைப்போம். கூலியாள் அதனைப் படித்து முடிக்குமுன் இறங்கிவிடுவான்.

ஆகவே, சங்கத்தாரும் ஆசிரியரும் கூடியிருந்து, அவ்வாயிலில் எழுதத்தக்க சொற்களை மும்மொழியிலும் தேர்ந்து தருதல் வேண்டும் என்பது என் வேண்டுகோள். தமிழில் யான் எழுதிப் பார்த்தது இது: "உள்ளே மூச்சுக் காற்று இல்லாமல் இருக்கலாம். அளந்து பார்க்காமல் இறங்காதே. உள்ளே ஒருவன் விழுந்தால் நீ குதிக்காதே, ஆளைக் கூப்பிடு." இதனினும் எளிதாக எழுத வல்லார் எழுதித் தருக. மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக இதனையே கொடுத்துப் பார்க்கலாம். உயிர் காக்கும் மூன்று வாக்கியங்களைப் பிழையறவும் எளிமையாகவும் எழுதப் பழகிய மாணவன், தமிழிற் பயனுள்ள ஒன்றைக் கற்றவனாவான்.