யானை வாழுமிடம் எது?

"யானை காட்டில் வாழும், மீன் நீரில் வாழும்." கீழ்வகுப்புக்களில் இத்தகைய வாக்கியங்களைப் பலகாலும் ஓதுவித்து வருகின்றோம். பிள்ளைகளும் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். இவற்றுள் முன்னையது இலங்கையைப் பொறுத்தமட்டில் முழுவுண்மை அன்று. அரைகுறை உண்மை வகுப்பறையோடு நின்றுவிடின் கேடில்லை. இதுவோ உயிர்ச்சேதத்தோடு தொடர்புற்று நிற்கின்றது.

2021 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இந்நாட்டு யானைகளின் பரம்பலை அளந்து கூறிற்று. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் யானை நடமாடுகின்றது. அங்ஙனம் நடமாடும் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மனிதரும் குடியிருக்கின்றனர். காடு யானைக்கு, ஊர் மனிதனுக்கு எனக் கோடு கிழித்துப் பங்கிட்ட நிலம் நம் மனத்தில் மாத்திரமே உண்டு. முதிர்ந்த பெருங்காட்டில் யானைக்கு வேண்டிய புல்லும் தழையும் குறைவு. சேனை செய்து கைவிட்ட புதர்நிலம், கோடையில் நீர் வற்றிய குளத்தின் உட்பரப்பு, அறுவடை முடிந்த வயல் ஆகியனவே அது விரும்பி மேயும் இடங்கள். வன்னியிலோ மட்டக்களப்பின் படுவான்கரையிலோ பிறந்த சிறுவன் இதனைக் கண்ணாற் கண்டிருப்பான். அவன் கண்டதற்கு மாறானதை நாம் கரும்பலகையில் எழுதி, அவனைக்கொண்டு படியெடுப்பிக்கின்றோம்.

2023 ஆம் ஆண்டில் மாத்திரம் 450 இற்கு மேற்பட்ட யானைகளும் 150 இற்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். 2025 பெப்ரவரி 20 ஆம் நாள் ஹபரணைக்கு அண்மையிற் புகையிரதம் மோதியதால் ஆறு யானைகள் ஒருங்கே இறந்தன. இத்தகைய செய்தி வருந்தோறும், "யானை ஊருக்குள் வந்துவிட்டது" என்கின்றோம். வந்தது யார், இருந்தது யார் என்று ஆராய்வதில்லை. மின்வேலிகள் பலவும் காட்டெல்லை என்று ஏட்டில் வரைந்த கோட்டினையே பற்றி அமைந்தன. வேலிக்கு இப்புறமும் யானை, அப்புறமும் யானை. பள்ளியிற் படித்த வாக்கியமே கம்பியாக நீண்டு நிற்கின்றதோ என எண்ணத் தோன்றுகின்றது.

தமிழ் படித்தோர்க்கு இது புதுமையன்று. தொல்காப்பியர் திணைதோறும் கருப்பொருள் வகுத்தபோது தெய்வத்தையும் உணவையும் விலங்கையும் மரத்தையும் பறவையையும் மக்கள் செய்யுந் தொழிலையும் ஒரே நிரலில் வைத்தார். விலங்குக்கு ஒரு நிலம், தொழிலுக்கு வேறொரு நிலம் என அவர் பிரிக்கவில்லை. அந்நூற்பாவைப் பரீட்சைக்காக மனப்பாடஞ் செய்விக்கும் நாம் அதன் பொருளை விஞ்ஞான பாடவேளைக்குக் கொண்டுபோவதில்லை. பண்டிதர் ஒருபுறம், விஞ்ஞான ஆசிரியர் மறுபுறம், நடுவே வேலி!

இனி, "விலங்குகளிடத்து அன்பு வையுங்கள்" என்னும் உபதேசமும் போதாது. கடன்பட்டு விதைத்த நெல்லை ஓரிரவில் இழந்த கமக்காரனின் மகன் முன்வரிசையில் இருக்கின்றான். அவனுக்கு அன்பைப் போதித்தல் எளிது; அவன் தந்தைக்கு யார் விடையிறுப்பது? ஆதலின் அன்பிற்கு முன்னே அறிவு வேண்டும். யானை எம்மாதத்தில், எவ்வழியால், எதனை நாடி வருகின்றது என்பதை அறிந்தோர் கண்ட உபாயங்கள் நம் நாட்டிலேயே உள்ளன. சில ஊர்களிற் கமக்காரர் தாமே ஒன்றுகூடி, பயிர் நிற்கும் காலத்தில் வயலைச் சுற்றி மின்வேலி இட்டு, அறுவடையானதும் அகற்றிவிடுகின்றனர். நெல் மனிதனுக்கும் தாளடி யானைக்கும் ஆகின்றது. வஸ்கமுவ தேசியப் பூங்காவை அடுத்த கிராமங்களில், யானைகள் கடக்கும் வழியூடே நடந்து சென்ற பள்ளிப்பிள்ளைகளை ஏற்றிச் செல்லவெனத் தொண்டர் சங்கமொன்று பஸ் வண்டி ஒன்றை ஓடவிட்டது. பிள்ளையும் தப்பிற்று, யானையின் வழியும் அடைபடவில்லை.

பிள்ளைகள் தாமே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிற் குப்பை கொட்டும் மேடொன்று உளது. அங்கே பொலித்தீனையும் பிளாத்திக்கையும் உணவோடு விழுங்கி, எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என 2022 ஆம் ஆண்டிற் செய்தி வந்தது. சோற்று மணமும் கறி உப்பும் ஊறிய பொலித்தீன் தாளை யானை உணவென்றே கொள்கின்றது. கிழக்கு மாகாணத்துப் பள்ளிகளில் மதிய உணவு சுற்றிவரும் தாள் எங்கே போய்ச் சேர்கின்றதென்று பிள்ளைகளே தேடிக் காணட்டும். அவ்விடத்தில் வாழையிலையும் சாப்பாட்டுப் பெட்டியும் தாமே வந்துவிடும். ஆசிரியர் கண்டிக்க வேண்டியதில்லை. (ஆசிரியர் தம் உணவுப் பொதியையும் முதலில் நோக்குவாராக.)

2025 மார்ச் 15 ஆம் நாட் காலையில் அரசினர் குரங்கு, மயில், மரஅணில் முதலிய பயிரழிக்கும் உயிர்களை நாடெங்கும் ஐந்து நிமிடத்தில் எண்ணுவித்தனர். எத்தனை என்பது ஒருவாறு தெரிந்திருக்கலாம். எங்கிருந்து, ஏன் என்பன ஐந்து நிமிடத்தில் தெரிவன அல்ல, ஓராண்டேனும் வேண்டும். ஓராண்டு முழுதும் ஓரூரில் தங்கி நாடோறும் ஒரே வழியால் நடந்துவரும் கூட்டத்தார் நம் மாணாக்கர். ஊர்ப்படமொன்று வரைந்து, யானைத் தடமும் குரங்குக் கூட்டமும் மயிலும் கண்ட இடத்தையும் நாளையும் அவர்கள் குறித்து வருவாராயின், எந்தத் திணைக்களத்திடமும் இல்லாத ஏடொன்று பள்ளியில் இருக்கும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை முடிந்த பின்னர், பிள்ளைகளை வெறுமனே இருத்திவைக்கும் வாரங்களிலாவது இதனைத் தொடங்கலாம்.