கந்தப்பளைச் சனத்துக்குத் துபாயிலிருந்து ஒரு மடல்



லீவில் வந்தபோது வேன் பிடித்து நிலாவெளிக்குப் போனோமே, அதைப் பற்றி எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, பிறகு கடல் என்று நம்ம தோட்டத்து ஆட்கள் வழக்கமாகப் போகிற பயணம்தான். அரிசி, சட்டி, விறகு வரைக்கும் ஏற்றிக்கொண்டுதான் போனோம். இருந்தும் கரையில் இறங்கியதிலிருந்து காசு, காசு. வேனை நிறுத்த, கக்கூசுக்குப் போக, உப்புத்தண்ணியைக் கழுவிக்கொள்ள, எல்லாவற்றுக்கும். ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலுக்கு அரசாங்கம் 2025இல் வைத்த உச்ச விலை 100 ரூபா. கடையில் கேட்டது 150. புறாத்தீவுக்குப் படகுக்கூலி தனி, வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் தனி. அப்போது 1,350 ரூபா நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறித்த குடும்பம் அதற்கு எங்கே போகும்? பிள்ளைகள் கரையில் நின்றே தீவைப் பார்த்தார்கள்.

காசு போனால் போகட்டும். ஒரு ஹோட்டலுக்கு முன்னால் மணலில் பாயை விரித்ததும் காவலாளி வந்து தள்ளிப் போகச் சொன்னார். நம்ம பொம்பளைகள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பங்களாப் பக்கம் நிற்காதே என்று தலைமுறையாகக் கேட்டவர்கள் வேறென்ன செய்வார்கள்! 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கரையோர வலயம் அரசின் பொறுப்பில் இருக்கிறது. முன்னால் ஹோட்டல் கட்டியதால் மணலும் அவர்களுடையதாகிவிடாது. ஆள் பார்த்து ஒதுக்குவது அங்கே மட்டுமல்ல: 2024 பெப்ரவரியில் கடற்கரை ஊரான உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு விருந்துக்கு விளம்பரம் செய்தார்கள். நாடே கொதித்த பிறகுதான் கைவிட்டார்கள்.

பணக்கார ஊர் என்கிற இந்தத் துபாயில், கைட் பீச்சுக்குள் போக ஒரு சதம் வாங்குவதில்லை. ஷவரும் இருக்கிறது. லீவு நாளில் எங்களைப் போன்ற கூலிக்காரர்களும் போய்க் குளித்துவிட்டு வருகிறோம்.

கரையில் கடை வைத்திருக்கிறவர்களையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, 2022இன் நெருக்கடி என்று அடுத்தடுத்து அடி வாங்கியவர்கள். கிழக்கில் சீசனும் சில மாதம்தான்.

ஆனால் நம்ம ஊரிலும் உல்லாசப் பயணிகளை வைத்துப் பிழைப்பது தொடங்கிவிட்டதே! ஹெதர்செட் தேயிலை ஃபெக்டரி 1996இல் ஹோட்டலானது. அது வசதியானவர்களுக்கு; விடுங்கள். இப்போது பொடியன்கள் வீட்டில் அறை ஒதுக்கி வாடகைக்கு விடுகிறார்கள், ரோட்டோரம் தேத்தண்ணிக் கடை போடுகிறார்கள். நல்லது, கொழுந்துக் கூடையை விட்டால் வேறு பிழைப்பு வேண்டும். ஏப்ரல் சீசனில் மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குளிர் பார்க்க வருகிற குடும்பங்களும் நம்மைப் போலத்தான் சட்டியோடு வரும். அவர்களிடம் முகத்தைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். பலகையில் எழுதி வையுங்கள், சீசனுக்கு ஒன்று மற்ற நாளுக்கு ஒன்று வேண்டாம். சமைக்க ஓர் இடமும் கக்கூசும் குழாய்த் தண்ணியும் கோயில் கமிட்டியே ஏற்பாடு செய்யலாம்; வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் அதற்குக் காசு சேர்த்து அனுப்புகிறோம்.

அடுத்த முறை நீங்கள் கடலுக்குப் போகும்போது போத்தலில் அடித்த விலைக்கு மேலே யாராவது கேட்டால், பில்லை வாங்கிக்கொண்டு நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அடியுங்கள். மணலை விட்டு எழும்பச் சொன்னால் எழும்பாதீர்கள்.

உங்கள் ஊர்ப்பிள்ளை